கேள்வி – பதில்: லூசி ஸ்னோ புதைத்து வைத்த கடிதங்கள்

'வில்லெட்' நாவலைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சார்லட் பிராண்டே எழுதி 1853-இல் வெளிவந்தது. படிக்காதவர்களுக்காகக் கதை நான்கு வரியில்: நாதியற்ற ஆங்கிலப் பெண் லூசி ஸ்னோ, கடல் கடந்து வில்லெட் என்ற நகரத்துக்குப் போய், மேடம் பெக் நடத்தும் பெண்கள் விடுதிப் பள்ளியில் ஆசிரியையாகிறாள். பள்ளிக்கு வைத்தியம் பார்க்க வரும் இளைஞர் டாக்டர் ஜான். அங்கே இலக்கியம் நடத்தும் முன்கோபிப் பேராசிரியர் பால் இமானுவேல். கதை முழுவதையும் சொல்பவள் லூசிதான்.

முதுகலை மாணவி, தருமபுரி: லூசி டாக்டர் ஜானைக் காதலித்தாளா? ஓரிடத்திலும் அவள் சொல்லவில்லையே. சொல்லாததை விடைத்தாளில் எப்படி எழுதுவது?

அவள் வாயைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். 23-ஆம் அத்தியாயத்தில் ஜானின் கடிதங்களுக்கு அவள் இரண்டிரண்டு பதில் எழுதுகிறாள். ஒன்று தன் மன ஆறுதலுக்கு, மற்றது அவர் படிப்பதற்கு. முதலாவது கிழிபடுகிறது, அளந்து எழுதிய இரண்டாவதுதான் தபாலில் போகிறது. அடுத்த அத்தியாயத்தில் கடிதமே வராத ஏழு வாரங்களை எழுதாத ஏழு வெள்ளைத் தாள்கள் என்கிறாள். நாட்களைத் தாளாக எண்ணுகிறவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

முக்கியமான சான்று 26-ஆம் அத்தியாயம். ஜானின் மனம் வேறொரு பெண்ணிடம் போய்க்கொண்டிருக்கிறது. இவளுடைய கடிதங்களையோ யாரோ எடுத்துப் படித்திருக்கிறார்கள். லூசி அழவில்லை. கடிதங்களைச் சுருட்டி, எண்ணெய்ப் பட்டில் பொதிந்து, கயிற்றால் கட்டுகிறாள். பழம்பொருள் கடைக்குப் போய்க் கண்ணாடிப் புட்டி ஒன்றை வாங்குகிறாள். சுருளை உள்ளே விட்டு, காற்றுப் புகாதபடி கடைக்காரரைக் கொண்டே அடைத்து முத்திரையிடச் செய்கிறாள். பள்ளித் தோட்டத்தில் ஒரு கிழட்டுப் பேரி மரம். அதன் வேரடிப் பொந்தில் புட்டியை இறக்கி, மேலே பலகைக் கல்லை வைத்து, காரை பூசி, மண்ணைத் தள்ளி, கொடியை இழுத்து மூடுகிறாள். புதைப்பது புதையலை மட்டுமல்ல, ஒரு துயரத்தையும்தான் என்று அவளே சொல்கிறாள். வெறும் நட்புக் கடிதத்துக்கு யாரும் காரை பூசுவதில்லை. அதோடு, அழிக்க நினைத்தவள் அடுப்பில் போட்டிருப்பாள். இவளோ ஈரம் படாமல் காப்பாற்றியிருக்கிறாள். இந்த வேறுபாட்டை எழுதினாலே விடை நிமிர்ந்துவிடும்.

31-ஆம் அத்தியாயத்தில்தான் வாய் தவறுகிறது. 'நீங்கள் நல்லவர், அழகர். ஆனால் எனக்கு உரியவர் அல்லர்' என்று ஜானுக்குத் தனிமையில் விடைகொடுக்கிறாள். 'குட் நைட்' மட்டும் சத்தமாக வந்துவிடுகிறது. பக்கத்திலிருந்து அதை எதிரொலித்தவர் பால். அடுத்த காதல் நுழையும் வாசல் அது.

விடைத்தாள்களில் வழக்கமாக நேரும் பிழை, லூசியை உணர்ச்சியற்றவள் என்று எழுதுவது. 'நான், லூசி ஸ்னோ, அமைதியாக இருந்தேன்' என்ற மூன்றாம் அத்தியாய வரியை அப்படியே நம்புவதால் வருவது இது. எதிர்ப் பிழையும் உண்டு: சான்றே காட்டாமல் 'உள்ளூரக் காதலித்தாள்' என்று முடித்துவிடுவது. முதலில் அவள் செய்ததை எழுதுங்கள். அதைப் பற்றி அவள் சொன்னதை அடுத்து எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பிறகு விளக்குங்கள். ஒரு பத்திக்கு ஒரு நிகழ்ச்சி போதும்.

ஆசிரியர், ஊத்தங்கரை: படிக்கிற நம்மிடமே மறைக்கிறாளே, இவளை எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், கவனித்தால் போதும். 10-ஆம் அத்தியாயத்தில் ஜானை உற்றுப் பார்க்கிறாள். சன்னலோரம் ஒரு சின்ன முட்டை வடிவக் கண்ணாடி இருக்கிறது. தோட்டத்தில் நடமாடுகிறவர்களை மேடம் பெக் திருட்டுத்தனமாக வேவு பார்ப்பது அதில்தான். அந்தக் கண்ணாடியில் ஜான் இவள் பார்வையைப் பிடித்துவிடுகிறார். 'என்னிடம் ஏதாவது குறை தெரிகிறதா' என்கிறார். இவள் விளக்கம் சொல்லவில்லை. தப்பாக நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். சிறுவயதில் தான் போய்த் தங்கிய வீட்டுப் பிள்ளை கிரஹாம்தான் இந்த டாக்டர் என்று அவளுக்கு அந்தக் கணமே தெரியும். நமக்குச் சொல்வது 16-ஆம் அத்தியாயத்தில். நாவல் முதலில் மூன்று பாகங்களாக வந்தது. முதல் பாகம் 15-ஆம் அத்தியாயத்தோடு முடிகிறது. அந்தப் பாகத்தை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கவே வழியில்லை.

ஏன் மறைத்தாள்? அவளிடம் பணமில்லை, உறவில்லை, பூட்டிக்கொள்ள ஓர் அறைகூட இல்லை. வந்த முதல் இரவிலேயே மேடம் பெக் அவள் துணிமணியைக் கிளறி, பணப்பையை எண்ணி, சாவிகளுக்கு மெழுகில் அச்சு எடுத்துவிடுகிறார். பெட்டி திறக்கப்படும் இடத்தில் மனசுக்குத்தான் பூட்டுப் போட முடியும். தனக்குத் தெரிந்தது ஜானுக்குத் தெரியாது என்பதில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷமும் இருக்கிறது. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

வாசகர், அதியமான்கோட்டை: நம் சங்கப் பாடல்களின் தலைவியும் காதலை வாய்திறந்து சொல்லமாட்டாள். லூசியும் அதே ரகமா?

தகடூர் மண்ணிலிருந்து வரவேண்டிய கேள்விதான். 'தன்னுறு வேட்கை கிழவன் முற்கிளத்தல் எண்ணுங் காலைக் கிழத்திக்கு இல்லை' என்கிறது தொல்காப்பியக் களவியல். தன் வேட்கையைத் தலைவன் முன் தலைவி தானே சொல்வதில்லை என்பது பொருள். புதுப் பானையில் ஊற்றிய நீர் வெளியே கசிந்து தெரிவதுபோல அவள் வேட்கை தெரியும் என்று உரை விரிகிறது. கசிவு வரை லூசி நம் தலைவிதான். ஆனால் தலைவிக்குத் தோழி இருக்கிறாள். கசிவைக் கண்டு, பேசி, வேளை வந்தால் அறத்தொடு நிற்பாள், அதாவது காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவாள். லூசிக்குத் தோழி இல்லை. மனம் தாங்காமல், புராட்டஸ்டன்ட் பெண்ணான அவள் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கூண்டில் போய் மண்டியிட்டதைப் பார்த்தால், அந்தக் குறை எவ்வளவு பெரிது என்று தெரியும். தோழியின் இடத்தில் வாசகரை உட்காரவைத்துவிட்டு, அவரிடமும் பாதியைத்தான் சொல்கிறாள்.

வாசகி, ஓசூர்: இது நாவலாசிரியையின் சொந்தக் கதையாமே?

பிரஸ்ஸல்ஸில் படித்தும் பாடம் நடத்தியும் இருந்தவர் சார்லட். அங்கே ஆசிரியராயிருந்த, மணமான கான்ஸ்டன்டின் எழேவுக்கு அவர் எழுதியவற்றில் நான்கு கடிதங்கள் எஞ்சி, 1913-இல் அச்சாயின. சில கிழிக்கப்பட்டு மறுபடி தைத்து ஒட்டப்பட்டவை. பொருத்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்காக லூசியைப் படிக்காமல் சார்லட்டைப் படிக்கக் கிளம்பினால் பேரி மரம் வீண்.

வாசகர் வட்டம், கிருஷ்ணகிரி: மாதம் ஒருமுறை கூடுகிறோம். இதை எப்படிப் பிரித்துப் படிக்கலாம்? நடுவே வரும் பிரெஞ்சு வேறு மிரட்டுகிறது.

மொத்தம் 42 அத்தியாயங்கள். பழைய பாகப் பிரிவையே வைத்துக்கொள்ளுங்கள்: 1–15, 16–27, 28–42. மூன்று மாதம். மாங்காய் சீசனில் தொடங்காதீர்கள், பாதிப்பேர் வரமாட்டீர்கள். பெங்குவின் கிளாசிக்ஸ் அல்லது ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் பதிப்பை வாங்கினால் பிரெஞ்சுக்குப் பின்குறிப்பில் மொழிபெயர்ப்பு இருக்கும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வெறும் பிரதியில் பால் கோபப்படும்போதெல்லாம் திணறுவீர்கள்.

பலரும் கழன்றுகொள்வது முதல் மூன்று அத்தியாயங்களில். பாலினா என்ற குழந்தைதான் கதாநாயகி என்று தோன்றும், கதை சொல்பவள் சுவரோடு சுவராக நிற்பாள். அது கோளாறல்ல, அவள் சுபாவம் அதுதான். நான்காவது அத்தியாயம்வரை பொறுத்துப் படித்துவிடுங்கள்.

மூன்றாம் கூட்டத்துக்கு 29-ஆம் அத்தியாயத்தை ஒருவர் உரக்கப் படியுங்கள். பேராசிரியர் பால் இமானுவேலைக் கொண்டாடும் திருநாள். எல்லோரும் பூச்செண்டு கொடுக்கிறார்கள், லூசி கொடுக்கவில்லை. 'இவ்வளவுதானா?' என்று மூன்று முறை கேட்கிறார். அவருக்காகவே பின்னிய கடிகாரச் சங்கிலி, சிவந்த சிப்பிப் பெட்டியில், அவள் வசம்தான் இருக்கிறது. அவர் பண்ணும் ஆர்ப்பாட்டத்தைப் பார்த்து வேண்டுமென்றே கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அன்று மாலைதான் தருகிறாள். ஜானிடம் பயத்தில் மறைத்தவள் பாலிடம் விளையாட்டாக மறைக்கிறாள். பிறகு 38-ஆம் அத்தியாயத்தில் 'என் நெஞ்சு வெடித்துவிடும்' என்று அவர் எதிரிலேயே கத்துவதைப் படியுங்கள்.

கடைசியில் பால் ஏறி வரும் கப்பல் திரும்பியதா, மூழ்கியதா என்று கூட்டத்தில் சண்டை வரும். தந்தை சோக முடிவு வேண்டாம் என்று கேட்டதால் சார்லட் அதைப் பட்டும்படாமலும் எழுதினார் என்று சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய திருமதி கேஸ்கெல் அதில் பதிந்திருக்கிறார். புயல் எத்தனை நாள் அடித்தது என்று மட்டும் 42-ஆம் அத்தியாயத்தில் எண்ணிப் பார்த்துவிட்டுச் சண்டையைத் தொடங்குங்கள்.