கொள்ளைநோய்க் காலத்தில் இறுதிச் சடங்குகளைத் தடை செய்வதில் என்ன தவறு? உயிர்தானே முக்கியம்?

2021 மே மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், "உயிர்தான், இதில் யோசிக்க என்ன இருக்கு" என்று சொல்லியிருப்பேன்.

அந்த மாதம் கொரோனாவில் பெரியப்பா இறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம். வீட்டிலிருந்து இரண்டு பேர் மட்டும் வரலாம் என்றார்கள். அண்ணனும் நானும் போனோம். ஜிப் வைத்த பையில் இறக்கினார்கள். அண்ணன் ஒரு சின்னத் தூக்குவாளியில் வாய்க்கரிசி கொண்டுவந்திருந்தார். தலைமாடு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அரிசி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. பெரியம்மா கேட்ட முதல் கேள்வி: "முகத்தப் பாத்தீங்களாப்பா? அவருதானா?"

தடையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் சேர்த்து 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எபோலாவில் இறந்தவரின் உடலில் கிருமி உச்சத்தில் இருக்கும். அங்கேயும் நம்மைப் போலவே இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு அழுது வழியனுப்புகிறவர்கள். சாவு வீடுகளிலிருந்தே நோய் ஊர் ஊராகப் போனது. தொடுவதை நிறுத்தியே ஆகவேண்டிய நிலை.

ஆனால் எப்படி நிறுத்தினார்கள் என்று பாருங்கள். தலைநகர் மன்ரோவியாவில் எபோலாவில் இறந்தவர்களை எரிக்கச் சொல்லி ஆகஸ்டில் லைபீரிய அரசு உத்தரவு போட்டது. எரிப்பது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. (பயன்படுத்திய தகன மேடையே அங்கு வாழும் இந்தியர்களுடையது.) மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை அந்த நாட்டில் ‘டெக்கரேஷன் டே’, அரசு விடுமுறை. நம் ஊர்க் கல்லறைத் திருநாள் மாதிரி, குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைப்பார்கள். எரித்துவிட்டால் எந்தக் கல்லறைக்குப் போவது? சாம்பல்கூட வீடு வந்து சேரவில்லை, பீப்பாய்களில் மொத்தமாகக் கிடந்தது. அதனால் காய்ச்சல் கண்டவர்களை வீட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள், இறந்தவர்களை ரகசியமாகப் புதைத்தார்கள். தடுக்க நினைத்த அதே தொடுதல் கண்ணுக்குத் தெரியாமல் தொடர்ந்தது.

டிசம்பரில் டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் புதிய மயானம் திறந்து, எரிப்பதை நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் அடக்கம் செய்வதற்கான நெறிமுறையை மதத் தலைவர்களுடன் பேசி வெளியிட்டிருந்தது. குடும்பத்தாரிடம் முதலில் பேச வேண்டும். முஸ்லிம் என்றால், தண்ணீரில் குளிப்பாட்டுவதற்குப் பதில் பாதுகாப்பு உடை போட்டவர் தயம்மும் (தண்ணீர் இல்லாமல், சுத்தமான மண்ணைக் கொண்டு செய்யும் சுத்திகரிப்பு) செய்து, வெள்ளைக் கஃபன் துணி சுற்றலாம். கிறிஸ்தவர் என்றால் தள்ளி நின்று ஜெபம். தொடக்கூடாது என்பதில் கொஞ்சமும் தளர்வில்லை, ஆனால் கைக்குச் செய்ய ஏதோ ஒன்று கொடுத்தார்கள்.

இது நமக்குப் புதிதா? வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தாளிப்புக் கிடையாது, வெளி ஆள் உள்ளே வரக்கூடாது, தலைக்குத் தண்ணி ஊற்றும்வரை பிள்ளை தனிப் பாயில்தான். கறாரான தனிமைப்படுத்தல் அது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான், அதில் எனக்குக் குழப்பமில்லை. ஆனாலும் "அம்மா வந்திருக்கா" என்று சொன்ன வீட்டில் யாரும் நோயாளியை ஒளித்துவைக்கவில்லை. வாசலிலேயே அடையாளம் வைத்தார்கள்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச்சில் வெளியிட்ட கொரோனா வழிகாட்டுதலைப் பின்னால் ஒருநாள் இணையத்தில் படித்தேன். ஊழியர்கள் பையின் ஜிப்பை இறக்கி உறவினர்களுக்கு முகத்தைக் காட்டலாம், உடலைத் தொடாமல் செய்யும் சடங்குகளுக்கு அனுமதி உண்டு என்று அதிலேயே இருக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரியம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.