முதலில் எழுத்துகளை எண்ணுங்கள்

கேள்வி: மூல டிஎன்ஏவையும் நகலையும் கொடுத்து என்ன வகைச் சடுதி மாற்றம் என்று கேட்டிருந்தார்கள். மூன்று எழுத்து நீங்கியிருந்தது, ஃபிரேம்ஷிஃப்ட் என்று எழுதினேன். மதிப்பெண் போய்விட்டது. ஏன்?
- பிளஸ் டூ மாணவி, விழுப்புரம்

பதில்: திருத்தியவர் மேல் கோபப்படாதீர்கள், அவர் செய்தது சரிதான். நீக்கம் என்று கண்ணில் பட்டதுமே பலரும் ஃபிரேம்ஷிஃப்ட் என்று எழுதிவிடுகிறார்கள், எத்தனை எழுத்து போனது என்று எண்ணுவதில்லை.

டிஎன்ஏவின் ஏ, டி, சி, ஜி என்ற எழுத்துகளைச் செல் மும்மூன்றாகத்தான் படிக்கும். அந்த மூன்றெழுத்துச் சொல்தான் கோடான்; பெரும்பாலும் ஒவ்வொன்றும் புரதத்தில் கோக்க வேண்டிய ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். 'கடல் மணல் படகு' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் 'ட'வை மட்டும் உருவிவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் பிரித்தால் 'கல்ம ணல்ப டகு' என்று வரும், அதற்கப்புறம் எல்லாமே உளறல். இதுதான் ஃபிரேம்ஷிஃப்ட். 'கடல்' முழுசாகப் போனால்? மணலும் படகும் அப்படியே இருக்கும்.

அதற்காக மூன்றெழுத்து நீக்கம் சாதுவானது என்று நினைத்துவிட வேண்டாம். நுரையீரலில் கெட்டியான சளி அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய்க்கான மரபணுவை 1989-இல் கண்டுபிடித்தார்கள்; நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இந்த மூன்றெழுத்து நீக்கம்தான். 'ஏடிசி டிடிடி' என்று இருக்கும் இடத்தில் நடுவிலிருந்து 'சிடிடி' போய்விடுகிறது, அதாவது முதல் கோடானில் ஓர் எழுத்து, அடுத்ததில் இரண்டு. மிச்சம் 'ஏடிடி'. வேடிக்கை என்னவென்றால் ஏடிசி, ஏடிடி இரண்டுமே ஐசோலியூசின் என்ற அமினோ அமிலத்தைத்தான் குறிக்கும், அதனால் அது தப்பித்துக்கொள்கிறது. 508-ஆவது இடத்து ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டும் காணாமல் போகிறது. அந்த ஒன்று குறைந்ததற்கே புரதம் சரியாக மடங்குவதில்லை, பெரும்பாலும் செல்லின் மேற்பரப்புக்குப் போய்ச் சேரும் முன்பே செல் அதை அழித்துவிடுகிறது.

நீளம் மாறவே இல்லை என்றால் பெரும்பாலும் பதிலீடு. கடல் 'உடல்' ஆகிப் பொருளே மாறினால் மிஸ்சென்ஸ்: அரிவாள் செல் சோகையில் பீட்டா குளோபின் என்ற ரத்தப் புரதத்துக்கான மரபணுவின் 6-ஆவது கோடான் ஜிஏஜி, ஜிடிஜி ஆகி, குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்காருகிறது. நலம் 'நலன்' ஆனால், எழுத்து மாறியும் பொருள் மாறாததால், சைலன்ட். டிஏஏ, டிஏஜி, டிஜிஏ என்று பாதியில் நிறுத்தக் கோடான் முளைத்தால் நான்சென்ஸ்.

கேள்வி: நகலெடுக்கும்போது தவறான எழுத்து ஜோடி சேர்ந்தாலே அது சடுதி மாற்றம்தானா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: இல்லை, அப்போதைக்கு அது வெறும் பொருந்தா ஜோடி. டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் தன் பிழையைத் தானே பார்த்துத் திருத்தும். அதில் தப்பியதைப் பிடிக்கப் பின்னாலேயே இன்னொரு பழுதுபார்ப்புக் கூட்டம் வரும் (இதை விளக்கிய பால் மோட்ரிச்சுக்கு 2015 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது). இரண்டிலும் தப்பி, அடுத்த முறை நகலெடுக்கும்போது தவறான எழுத்தே அச்சாக நின்றுவிட்டால், இரண்டு இழையும் ஒத்துப்போய்விடும். அப்புறம் எது பிழை என்று செல்லுக்கே தெரியாது.