சிக்னலில் தொடை சுடுகிறது, பாதி எஞ்சின் அணைகிறது: இந்த டுகாட்டியை வாங்கலாமா?

கேள்வி: 2019 மாடல் டுகாட்டி பனிகாலே வி4, 9,000 கி.மீ. ஓடியது, பாண்டிச்சேரி பதிவு, 15 லட்சம் கேட்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன். அவிநாசி சாலை டிராஃபிக்கில் கால் மணி நேரத்தில் டெம்பரேச்சர் 104 காட்டியது, தொடை வெந்துவிட்டது. சிக்னலில் நின்றால் திடீரென்று சத்தம் மாறி, ரெண்டு சிலிண்டர் செத்துப்போன மாதிரி ஓடுகிறது. "கம்பெனி எக்ஸாஸ்ட்டும் கம்பெனி செட்டிங்கும்தான் காரணம், ரெண்டு லட்சம் போட்டு ஃபுல் எக்ஸாஸ்ட், ரீமேப் செய்தால் சரியாகிவிடும்" என்கிறார் புரோக்கர். எஞ்சின் பழுதா? வாங்கலாமா? மனைவியைப் பின்னால் உட்கார வைத்துப் போக முடியுமா?
(கோவை வாசகர்)

பதில்: எஞ்சின் பழுதில்லை. இரண்டு சிலிண்டர் செத்துப்போன மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். மாதிரி எல்லாம் இல்லை, நிஜமாகவே அணைகிறது. அணைப்பது வண்டியின் கம்ப்யூட்டர்.

இந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு முன்னால், இரண்டு பின்னால், நடுவே 90 டிகிரி கோணம். பின்ஜோடி கிட்டத்தட்ட உங்கள் சீட்டுக்கு அடியிலேயே வருகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு வண்டி சிக்னலில் நின்றால், அந்தப் பின்ஜோடியை மட்டும் கம்ப்யூட்டர் அணைத்துவிடும். உங்கள் தொடைக்காக டுகாட்டி செய்து கொடுத்த ஏற்பாடு அது. கிளம்பும்போது நான்கும் திரும்ப வேலைக்கு வந்துவிடும். உங்கள் புரோக்கருக்கு இது தெரியாதா, தெரிந்தே மறைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. எதுவானாலும் அவர் கையில் இரண்டு லட்சம் போகக்கூடாது.

அடுத்து அந்த 104. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வீட்டில் குக்கருக்கு வெயிட் போட்டதும் உள்ளே சூடு 120 வரை போகிறதே, ரேடியேட்டரின் பிரஷர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தில் கிளைகால் என்ற ரசாயனம் கலந்திருப்பதால் கொதிநிலை இன்னும் கொஞ்சம் ஏறும். நகராத டிராஃபிக்கில் 104 என்பது இந்த வகை வண்டிக்குச் சாதாரணம். எவ்வளவு ஏறியது என்று பார்க்காதீர்கள், எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்று பாருங்கள். நெரிசலை விட்டு வெளியே வந்து 60, 70 வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினால் எண் மளமளவென்று இறங்க வேண்டும்.

ஏன் இவ்வளவு சூடு? பழைய புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிஸ்டன் 70 மி.மீ. அகலம், மேலும் கீழும் 90 மி.மீ. போய்வரும். நிதானமாகத் தட்டித் தட்டி, நிமிடத்துக்கு 5,250 சுற்றில் சுமார் 20 குதிரைச்சக்தி கொடுக்கும். டுகாட்டியின் பிஸ்டன் 81 மி.மீ. அகலம், போய்வருவது 53.5 மி.மீ. மட்டும். தூரம் குறைவு என்பதால்தான் நிமிடத்துக்கு 13,000 முறை சுற்ற முடிகிறது, 214 குதிரைச்சக்தி வருகிறது, அதற்கேற்ற சூடும் கூடவே வருகிறது. அந்த 81, உலகின் உச்ச பைக் பந்தயமான மோட்டோஜிபியின் விதிகளிலிருந்து வந்த எண். இந்த எஞ்சினைச் செய்தபோது பிஸ்டன் அகலத்துக்கு அங்கே அதுதான் உச்சவரம்பு. ரோட்டில் கீழ்ச்சுற்றிலும் இழுவை வேண்டுமே என்று தூரத்தை மட்டும் கொஞ்சம் நீட்டி 1,103 சிசி ஆக்கினார்கள். 1,000 சிசி வரம்பு உள்ள உலக சூப்பர்பைக் பந்தயத்துக்காக 998 சிசியில் வி4 ஆர் என்று தனியாக ஒன்று உண்டு.

ரேஸிலிருந்து ரோட்டுக்கு வரும்போது எஞ்சினியர்கள் நிறைய விட்டுக்கொடுக்கிறார்கள். மோட்டோஜிபியின் கார்பன் டிஸ்க் பிரேக் சூடேறாமல் பிடிக்காது, அதனால் ரோட்டுக்கு ஸ்டீல் டிஸ்க். லைட், கண்ணாடி, ஸ்டாண்ட், புகைக் கட்டுப்பாடு எல்லாம் சேரும். ஆனால் எதிர்க்காற்றை மட்டும் யாராலும் டப்பாவில் அடைத்துக் கொடுக்க முடியாது. மோட்டோஜிபி வண்டியில் ரேடியேட்டர் ஃபேனே கிடையாது; அது நிற்பதற்குச் செய்த வண்டி இல்லை. பிட்டில் நின்றால் மெக்கானிக்குகள் ப்ளோயர் வைத்து ஊதுவார்கள். உங்கள் வண்டிக்கு ஃபேன் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஃபேன் இழுக்கும் வெந்த காற்று எங்கே போகும்? உங்கள் காலைத் தாண்டித்தான். ஓடும்போதும்கூட நம் ஊர் வெயில் லேசுப்பட்டதில்லை. 2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோஜிபி நடந்தபோது வெயிலுக்காக 24 சுற்றை 21 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் நீரிழப்பால் துவண்டுபோனார்.

இப்போது ரீமேப், அதாவது எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை மாற்றுவது. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். எங்கோ ஒரு நாட்டுப் பெட்ரோலுக்கும், எங்கோ ஒரு எக்ஸாஸ்ட்டுக்கும் யாரோ போட்ட கணக்கை லேப்டாப்பில் இறக்கி, உங்கள் வண்டியில் ஏற்றிவிட்டு, "சார், இனி பாருங்க" என்பார்கள். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றி அளக்க மாட்டார்கள். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானால் எரிப்பு இன்னும் சூடாகும், குறையாது. அப்படிச் செய்த ஒரு வண்டி என்னிடம் வந்தது. பிஸ்டனில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. செய்துகொடுத்தவரின் போன் அணைந்திருந்தது. எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்தால் அந்த இடத்தில் கொஞ்சம் சூடு குறையலாம். அதற்குப் பதிலாகப் போடும் சில ரேஸ் எக்ஸாஸ்ட்டுகளில் பைப் நேராக சீட்டுக்கு அடியில் ஏறிப்போகும், அப்போது சுடுகிற இடம் மட்டும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி அது அனுமதியில்லாத மாற்றம் என்பதையும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைத்தான் முதலில் கேட்கும் என்பதையும் புரோக்கர் சொல்லியிருக்க மாட்டார். நல்ல பெட்ரோல் போடுங்கள், 95 ஆக்டேனுக்குக் குறையாமல். சூட்டுக்கு வேறு வைத்தியம் தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டி பந்தய டிராக்கில் ஓடியதா என்று கேளுங்கள். கரி ஸ்பீட்வேயோ இருங்காட்டுக்கோட்டையோ, டிராக்குக்குப் போவது தப்பில்லை. ஆனால் பந்தயங்களில் பொதுவாக ரேடியேட்டரில் கிளைகால் கூலன்ட் ஊற்ற விடமாட்டார்கள். கீழே சிந்தினால் டிராக் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும், பின்னால் வருபவன் விழுவான். அதனால் அதை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவார்கள். பந்தயம் முடிந்து வீட்டுக்கு வந்தவர் திரும்பக் கூலன்ட் ஊற்றினாரா? பலர் ஊற்றுவதில்லை. தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அலுமினியத்தை உள்ளுக்குள் அரிக்கும், வாட்டர் பம்ப்பைக் கெடுக்கும். இந்த வண்டியில் 104 சாதாரணம் என்று நான் சொன்னது கூலன்ட் இருந்தால் மட்டும்தான். எப்படிப் பார்ப்பது? காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, மெக்கானிக்கை வைத்து மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும், விளையாட்டில்லை. உள்ளே சாயம் ஏற்றிய திரவம் தெரிந்தால் சரி. குழாய்த் தண்ணீர் நிறத்திலோ, வெள்ளைப் பொடி மிதந்தோ, துருப்பிடித்த கலங்கலாகவோ இருந்தால் வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். அப்படியே ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கல் பட்டு நசுங்கி, பூச்சி அடைத்திருந்தால் ஃபேன் சுற்றியும் பயனில்லை.

டிராக் என்றதும் விழுந்ததா என்ற கேள்வி வருகிறது. நீங்கள் இதைக் கேட்கவே இல்லை, ஆனால் உங்கள் 15 லட்சம் நிற்பது இதில்தான். சாதாரண பைக்கில் ஃப்ரேம் எஞ்சினைச் சுமக்கும். இதில் எஞ்சினே முதுகெலும்பு. முன்னால் சுமார் 4 கிலோ எடையில் ஒரு குட்டி அலுமினிய ஃப்ரேம், அது எஞ்சினோடு போல்ட் போட்டு நிற்கிறது. பின்னால் பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்ம் எஞ்சினிலேயே மாட்டியிருக்கிறது. ஆகவே பலமாக விழுந்தால் அடி போவது எஞ்சினுக்கு. வெளியே மூடியிருக்கும் ஃபேரிங் உறையைப் புதிதாக மாட்டி பெயின்ட் அடிப்பது ஒரு வாரத்து வேலை, அதைப் பார்த்து மயங்காதீர்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, அது முட்டும் இடத்தில் அலுமினியம் நசுங்கியிருக்கிறதா, எஞ்சினைப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். 24,000 கி.மீ.யில் வரும் வால்வு சர்வீஸ் செலவு கடுமையாக இருக்கும்; உங்களுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் கிலோமீட்டர் ஏறவில்லை என்பதற்காக வருடாந்திர சர்வீஸை விட்டிருக்கிறார்களா என்று ஷோரூமில் சேசிஸ் நம்பர் கொடுத்துக் கேளுங்கள்.

பாண்டிச்சேரி பதிவு. அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வந்து திரும்பப் பதிவு செய்து, வரி கட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். இதை யார் அலைந்து வாங்குவது என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். ஒரே நாட்டுக்குள் ஒரு வண்டி கோயம்புத்தூருக்கு வருவதற்கு இத்தனை காகிதம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது என்கிறார்கள், ஆன பிறகும் கவுன்டரில் நிற்கத்தான் வேண்டியிருக்கிறது. இந்த அலுப்பில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். "பழைய ஓனர் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், நீங்கள் ஓட்டுங்கள், அப்புறம் மாற்றிக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே வராது. பெயர் மாறாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

கூலன்ட் சரி, அடி இல்லை, காகிதம் சுத்தம் என்றால் தாராளமாக வாங்குங்கள், எக்ஸாஸ்ட்டைத் தொடாமல். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்துக்கொண்டு போய் எட்டு மணிக்குள் வீடு திரும்பினால் சூடு என்ற பேச்சே இருக்காது. தினமும் ஆபீசுக்கு என்றால் ஒரு ஸ்கூட்டரும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மனைவி விஷயம். சட்டப்படி சீட் இருந்தால் உட்காரலாம். அது ஒரு உள்ளங்கை அகலம், தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறது. பிடிக்க ஒன்றும் கிடையாது. டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, பகல் பதினோரு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டு காந்திபுரம் வரை ஒருமுறை போய்வாருங்கள்.