சட்டியிலிருந்து வந்த பெயரும் ஏளனத்திலிருந்து வந்த பெயரும்

கேள்வி: லிவர்பூல் நகரிலுள்ள பண்டகசாலையொன்றில் வேலை செய்யும் என் அக்காவின் மகன், உடன் வேலை செய்யும் ஆங்கிலேயர் தம்மை ‘ஸ்கவுசர்’ என்று பெருமையாகச் சொல்வதாகவும், தான் அவரை விளையாட்டாகச் ‘சாவ்’ என்றதும் அவர் முகம் கொடுப்பதையே நிறுத்திவிட்டதாகவும் சொல்கிறார். இரண்டும் தொழிலாளரைக் குறிக்கும் கொச்சைச் சொற்கள்தானே?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: ஸ்கவுஸ் என்பது ஒரு சாப்பாடு. இறைச்சி, உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு நெடுநேரம் அவிக்கும் அந்த உணவு, கப்பலோட்டிகளிடமிருந்து வந்து லிவர்பூல் ஏழைகளின் அடுப்பில் நிலைத்தது. இறைச்சிக்குக் காசில்லாத நாளில் சமைப்பதைக் ‘குருட்டு ஸ்கவுஸ்’ என்பார்கள். அந்தச் சட்டியின் பெயரையே ஊரார் தம் பெயராக்கிக்கொண்டார்கள். ஆகவே அது தொழிலாளரைக் குறிப்பதன்று, ஊராரைக் குறிப்பது. தொழிலாளரைக் குறித்த சொல்லுக்கு ‘நாவி’ ஓர் உதாரணம்: 18ஆம் நூற்றாண்டில் கால்வாய் வெட்டியவர்களுக்கு வந்த அந்தப் பெயர், பின்னர் ரயில் பாதைக்கு மண் வெட்டியவர்களுக்கும் ஆனது.

‘சாவ்’ வேறு வகை. பிள்ளையைக் குறிக்கும் ரோமானி மொழிச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பர். ஆனால் 2004இல் ஒக்ஸ்ஃபோர்ட் அகராதியினர் அதை ஆண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தபோது, ஏழை இளைஞரின் உடையையும் பேச்சையும் குடியிருப்பையும் ஏளனம் செய்யும் சொல்லாகவே அது வழங்கியது. ‘உள்ளூராட்சி மன்றம் ஏழைகளுக்குக் கொடுத்த வீட்டில் வசிக்கும் முரடர்’ என்ற பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அது என்பது பின்னாளில் கட்டிய கதை. ஆயினும் அந்தக் கதையே, அடி யார்மீது விழுகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

வன்னியில் இருக்கும் நமக்கு இது புதிதன்று. ‘தோட்டம் செய்கிறேன்’ என்று நம் கமக்காரர் நிமிர்ந்து சொல்வார். அதே தோட்டத்தை வைத்து, 1977இல் தமிழர்மீது நடந்த வன்செயலுக்குப் பின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் கழனியாக்கியவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்றோம். நான் படித்த வகுப்பில் ஒருநாள் அச்சொல் எழுந்தபோது, முன்வாங்கில் இருந்த சிறுமி கொப்பியின் மூலையைச் சிறிது சிறிதாகக் கிழித்துக்கொண்டே இருந்தாள். மணி அடிக்கும்வரை தலை நிமிரவில்லை. சொன்னவர்களுக்கு அது விளையாட்டுத்தான்.

ஆகவே உங்கள் மருமகன் சொல்லின் பொருள் தெரியாமல் சொன்னதாக ஒளிக்காமல் கூறி, அவரிடம் மன்னிப்புக் கேட்பதே முறை. ‘ஸ்கவுசர்’ என்றும் தானாக அழைக்க வேண்டாம். அந்த ஆங்கிலேயரே விரும்பிக் கேட்டால் உங்கள் மருமகன் அப்படி அழைக்கட்டும்.