சொகோத்ரா தீவின் பாட்டில் மரங்கள் பூத்திருப்பதைப் பார்க்க எப்போது போகவேண்டும்? அவ்வளவு தூரம் போவதற்குத் தகுந்ததா?

பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ போங்கள். நான் போனது மார்ச்சில். தீவு முழுக்க ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்வதில்லை. ஒரு சரிவில் பூ உதிர்ந்து கிடக்கும், அடுத்த சரிவில் அப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். அதனால் தேதி கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பரவாயில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டும் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற அடியில் கூடாரம் நிற்காது.

தகுந்ததா என்று கேட்டால், மரம் செடி என்றால் நின்று பார்க்கிற ஆளுக்கு நிச்சயம் தகுந்தது. ஏமன் நாட்டுத் தீவுதான், ஆனால் சோமாலியா இருக்கும் ஆப்பிரிக்காவின் கொம்பு முனைதான் அதற்கு இன்னும் பக்கம். நெடுங்காலம் தனித்துக் கிடந்ததால் அங்குள்ள சுமார் 825 தாவர இனங்களில் 37 சதவீதம் உலகில் வேறெங்கும் கிடையாது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் இதனால்தான்.

மொட்டை மாடித் தொட்டியில் அடேனியம் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாட்டில் மரம் புதிதில்லை. அதே குடும்பம், அதே இளஞ்சிவப்புப் பூ. ஆனால் அங்கே அது நெல் குதிர் மாதிரி அடி பெருத்து, ஆளைவிட உயரமாக, மண்ணே இல்லாத பாறை இடுக்கில் நிற்கிறது. உடம்பு முழுக்கத் தண்ணீர் சேமிப்பு. இலை வருவதற்கு முன்பே பூத்துவிடுவதால் மொட்டைக் கிளை நுனிகளில் பூ மட்டும் கொத்துக் கொத்தாக இருக்கும். ஹொம்ஹில் பகுதியில் ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையைக் கிட்டத்தில் பார்த்தேன். ஐந்து இதழ், ஓரத்தில் அடர்ந்த ரோஜா நிறம், உள்ளே போகப் போக வெளுப்பு. அதே கிளையில் போன பூவின் காய்கள் இரண்டிரண்டாகக் கொம்பு போல விரிந்திருந்தன. ஒன்று வெடித்து, பட்டு இழை ஒட்டிய விதைகள் காற்றுக்குக் காத்திருந்தன.

அங்கே போனால் பூவோடு நின்றுவிடாமல் தரையையும் பாருங்கள். பாட்டில் மரத்தைச் சுற்றி எல்லா வயதுக் கன்றும் கிடக்கும், கட்டை விரல் அளவில்கூட. காரணம் அதன் பால். அவ்வளவும் விஷம், தீவு முழுக்கத் திரியும் ஆடுகள் அதில் வாய் வைப்பதில்லை.

அப்புறம் ஃபிர்மிஹின் மேட்டுநிலத்துக்கு ஏறி, வெட்டினால் ரத்தம் மாதிரி சிவப்புப் பிசின் கசிகிற, குடை விரித்தாற்போல் நிற்கும் டிராகன் ரத்த மரக் காட்டுக்குள் நடந்தால் நிலைமை நேர் எதிர். எல்லாம் பல நூறு வயது மதிக்கிற கிழ மரங்கள். முளைக்கிற கன்றை ஆடு மேய்ந்துவிடுகிறது. இந்த மரம் முதல் பூ பூக்கும் வரை கிளையே விடாது. நுனியில் பூங்கொத்து வந்தால் அந்தத் தண்டின் வளர்ச்சி அங்கே நின்று, பக்கத்திலிருந்து புதுக் கிளைகள் கிளம்பும். ஆகவே ஒரு மரத்தில் அடியிலிருந்து நுனி வரை எத்தனை கவை இருக்கிறதோ அத்தனை முறை அந்தத் தடத்தில் பூத்திருக்கிறது என்று கணக்கு வைக்கலாம். வயதைக் கணிக்கிறவர்களும் இதைத்தான் எண்ணுகிறார்கள். நான் போனபோது சில மரங்களே பூத்திருந்தன. பச்சை கலந்த வெள்ளையில் பொடிப் பொடிப் பூக்கள்.

2015 நவம்பரில் சப்பாலா, மேக் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்கள் தாக்கியதில் வேரோடு சாய்ந்த மரங்கள் இன்னும் கிடக்கின்றன. மேகத்தின் ஈரத்தை இலையில் பிடித்து மண்ணில் சொட்ட விடுகிற மரம் இது, ஒன்று விழுந்தால் அடியில் வாழ்ந்த சிறு செடிகளுக்கும் தண்ணீர் போச்சு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்களோடு வந்த பெரியவரிடம், "ஐயா, இதன் கன்று ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையே" என்றேன். ஒரு வீட்டின் கல் வேலிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். நட்டு வருடக் கணக்கான கன்றுகள், முழங்கால் உயரம்கூட இல்லை. தினமும் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அங்கே கொஞ்சம் பணம் கொடுத்தால் அது நேராக வேலிக்கும் தண்ணீருக்கும் போகும், கட்டாயம் செய்யுங்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். நான் போனபோது அபுதாபியிலிருந்து விமானம் இருந்தது, விசாவைப் பயண ஏற்பாட்டாளரே எடுத்துத் தந்தார். ஏமன் நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், பணம் கட்டுவதற்கு முன் விமானம் ஓடுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான திட்டங்களில் கடற்கரைதான் அதிகம். அதைக் குறைத்து ஹொம்ஹிலிலும் ஃபிர்மிஹின் பக்கத்திலும் இரவு தங்கும்படி கேளுங்கள், காலை வெயிலில் பூ நிறம் நன்றாகத் தெரியும். விதையோ கன்றோ எடுத்துவர ஆசை வரும், வேண்டாம், அதற்குத் தடை இருக்கிறது. நம் ஊர் நர்சரியில் அடேனியம் தாராளமாகக் கிடைக்கிறது.