ஓடையில் எடுத்த கல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் திருச்சி. பொங்கல் லீவுக்கு வந்தபோது வழிகாட்டியோடு போகும் ஒருநாள் சுற்றுலா ஒன்றில் சேர்ந்துகொண்டேன். ஒரு வேன், பன்னிரண்டு பேர். காலையில் சாத்தனூர் கல்மரம், அப்புறம் பழங்காலக் கடல் உயிர்களின் கல்லான மிச்சங்கள் கிடக்கும் காரை, மதியத்துக்கு மேல் வாரணவாசி அருங்காட்சியகம், சாயங்காலம் கரைவெட்டி பறவைகள் சரணாலயம்.

காரையில் செம்மண் பள்ளங்களுக்கு நடுவில் நின்றபோது, இங்கே கடல் இருந்ததா என்று என் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாமே அவசரம். கல்மரத்துக்கு இருபது நிமிடம், காரைக்கு ஒரு மணி நேரம். வழிகாட்டி கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இப்படிக் கூட்டத்தோடு போவது நல்லதா, தனியாகவே போயிருக்கலாமா? இயற்கையைப் பார்க்க வழிகாட்டி எதற்கு என்றுகூடத் தோன்றியது.

இன்னொன்று. ஓடையில் ஒரு அம்மோனைட் கிடைத்தது, சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிர் கல்லாகிப் போனது. "நிறைய கிடக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார் வழிகாட்டி. வீட்டில் கம்பி பிரஷ் போட்டு நன்றாகக் கழுவி மேஜையில் வைத்திருக்கிறேன். படம் இணைத்துள்ளேன். இதைக் கார்பன் டேட்டிங் செய்து வயதைத் தெரிந்துகொள்ள முடியுமா? எங்கே கொடுக்க வேண்டும்?

அன்புடன்,
கதிர்

அன்புள்ள கதிர்,

படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் உடனே பதில்.

போன வாரம் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் அன்போடு ஒரு கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டு முழுக்க அம்மோனைட்டுகள். உள்ளங்கை அளவில் சில, சாப்பாட்டுத் தட்டு அளவில் சில. எங்கே எடுத்தது என்று கேட்டேன். "அரியலூர் பக்கம்தான் சார்" என்றார். அரியலூர் பக்கம் எங்கே? அவருக்குத் தெரியவில்லை. முன்பு ஒவ்வொரு கல்லோடும் ஒரு சீட்டு இருந்திருக்கிறது. வெள்ளையடித்தபோது கற்களை வெளியே எடுத்து வைத்தார்கள், திரும்ப அடுக்கும்போது சீட்டுகளைக் குப்பையோடு கூட்டித் தள்ளிவிட்டார்கள். அதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து உங்கள் மேஜையின் படம் வருகிறது.

கார்பன் டேட்டிங்கை முதலில் முடித்துவிடுகிறேன். அது சுமார் ஐம்பதாயிரம் ஆண்டு வரைக்கும்தான் செல்லும். அம்மோனைட்டுகள் பூமியிலிருந்து அழிந்தே 6 கோடியே 60 லட்சம் ஆண்டு ஆகிறது. உங்கள் கையில் இருப்பதற்கு ஏறக்குறைய பத்துக் கோடி வயது இருக்கலாம். கார்பன் அங்கே எதையும் சொல்லாது, அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கூட்டமா தனியா என்ற கேள்விக்கும் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். நிழல் கிடையாது, ஓடைகள் ஒன்றுபோலவே இருக்கும், வழி தப்பும். ஒரே நாளில் நான்கு இடம் என்பது மட்டும் அக்கிரமம். கரைவெட்டியை அதில் சேர்த்தவரை நான் மன்னிக்க மாட்டேன். மேட்டூர்த் தண்ணீர் கால்வாய் வழியே வந்து நிறையும் அந்த ஏரிக்கு 2024-ல், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வருகின்றன. அதற்கு விடியற்காலையில் போய் நிற்க வேண்டும், வேனில் அலுத்துப் போய் அல்ல.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

அந்தக் கல்லின் வயது அந்தக் கல்லுக்குள் மட்டும் இல்லை கதிர். அது கிடந்த இடத்தில் இருந்தது. எந்தப் படுகையில், அதாவது எந்தப் பாறை அடுக்கில், எந்த மண்ணில், மேலே என்ன, கீழே என்ன, பக்கத்தில் வேறு எந்த உயிரின் ஓடு கிடந்தது என்பதிலெல்லாம் இருந்தது. அம்மோனைட்டுகள் வேகமாக மாறிக்கொண்டே வந்த உயிர்கள். ஓரினம் சில லட்சம் ஆண்டு வாழும், பிறகு வேறினம் வரும். கடல் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவின. அதனால்தான் காரையில் ஒரு படுகையில் ஓரினத்தைப் பார்த்தால், அதே இனம் கிடக்கும் ஐரோப்பியப் படுகையும் இதுவும் ஏறத்தாழ ஒரே காலம் என்று சொல்ல முடிகிறது. படுகையை வைத்துக் கல்லும், கல்லை வைத்துப் படுகையும் காலம் சொல்கின்றன. நீங்கள் அந்த இரண்டையும் பிரித்துவிட்டீர்கள்.

அதோடு கழுவியும் விட்டீர்கள். அதுதான் எனக்கு ரொம்பக் கோபம். ஓட்டின் மடிப்பில் அப்பியிருந்த களிமண்ணை அழுக்கு என்று நினைத்தீர்கள். காரைக் களிமண்ணில் ஊசிமுனை அளவு கடல் உயிரிகளின் ஓடுகள் இருக்கின்றன. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அவையும் காலம் சொல்லும். ஒரு சிட்டிகை மண் போதும். அது உங்கள் வீட்டுச் சாக்கடையில் போய்விட்டது. கம்பி பிரஷ்! படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்லின் வளைவில் கிளைகிளையாகப் பிரிந்து நெளிந்து ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். உள்ளறைகளைப் பிரித்த சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. ஒரு அம்மோனைட் எந்தக் குடும்பம் என்று சொல்வதற்கு அந்த நெளிவுகளைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இடது பக்கம் அவை அழகாக இருக்கின்றன. வலது பக்கம் நீங்கள் தேய்த்துத் தேய்த்து மழுங்கடித்து வைத்திருக்கிறீர்கள்.

திட்டுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். "இங்கே கடல் இருந்ததா என்று என் காலடியையே பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதக்கூடியவரிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும். பதினொரு பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். நீங்கள் நின்று பார்த்திருக்கிறீர்கள்.

என்னை முதன்முதலில் காரைக்குக் கூட்டிப்போனவர் ஓய்வுபெற்ற புவியியல் (ஜியாலஜி) ஆசிரியர் ஒருவர். வேனை விட்டு இறங்கியதும் எங்களை உட்காரச் சொன்னார். ஆளுக்கு ஒரு பாய் அளவு இடம், அதை மட்டும் பாருங்கள் என்றார். வெறும் செம்மண் என்று நினைத்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடிச் சில்லு என்று நினைத்தது ஜிப்சம். விரல் நீளத்தில் கூரான பழுப்புக் கற்கள், கணவாய்க்கு உறவான பெலம்னைட் என்ற உயிரின் மிச்சம். எதை எடுத்துக் கேட்டாலும் வாங்கிப் பார்ப்பார், சொல்லுவார், எடுத்த இடத்திலேயே அதே பக்கம் கீழாகத் திரும்ப வைக்கச் சொல்லுவார்.

கிளம்பும் நேரத்தில் ஒரு மாணவனின் பை கனமாக இருப்பதைக் கவனித்துவிட்டார். சத்தம் போடவில்லை. எல்லோரையும் உச்சி வெயிலில் திரும்ப நடக்கவைத்தார். அந்தப் பையன் தேடித் தேடி இடத்தைக் கண்டுபிடித்தான். களிமண்ணில் கல் பெயர்ந்த குழி இருந்தது. குழியின் சுவரில் அம்மோனைட்டின் வரிகள் ஒவ்வொன்றும் அச்சாகப் பதிந்திருந்தன. பையன் கல்லை அதில் வைத்தான், சொருகினாற்போல் உட்கார்ந்தது. "இப்ப இதுக்கு ஊர் இருக்கு" என்றார் அவர். வேறெதுவும் சொல்லவில்லை.

இந்த ஊர் விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு உங்கள் பக்கத்துக் கிராமங்களே சாட்சி. ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தப் பாறைகளை ஆராய்ந்து 1862-ல் அறிக்கை எழுதினார். பின்னால் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவரும் அவர்தான். படுகைகளை மூன்றாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். பாடலூர் பக்கத்தில் இருக்கும் ஊட்டத்தூரின் பெயரை இன்றைக்கு உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் கிரிட்டேசியஸ் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) நிபுணரும் சொல்லுவார். பிளான்ஃபோர்டு காலத்தில் சேகரித்த கற்கள் கல்கத்தாவுக்குப் போயின. அங்கே அவற்றை ஒவ்வொன்றாக விவரித்து, படம் போட்டுப் பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா, இன்றைய செக் நாட்டுக்காரர். மத்திய ஆசியாவின் யார்க்கந்து நகருக்குப் போன பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874-ல் லடாக்கில் இறந்துபோனார். முப்பத்தாறு வயது. கல்லறை லேயில் இருக்கிறது.

கல்லை எடுத்தவர்கள் திருச்சிச் சீமையில். விவரித்தவர் கல்கத்தாவில். நடுவில் இருந்தது ஒரு சீட்டு. ஓடியம், ஆனைப்பாடி, கருடமங்கலம் என்று ஊர்ப்பெயர் எழுதிய சீட்டு. ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர்கள் கொஞ்சம் சிதைந்துதான் இருக்கின்றன, ஆனாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டு கழித்தும் ஆராய்ச்சியாளர்கள் அதே ஓடைகளுக்கு வருகிறார்கள், அதே படுகையில் நின்று சரிபார்க்கிறார்கள். நான் பார்த்த அந்த அலமாரிக்கு யாரும் வரப்போவதில்லை.

சாத்தனூர் கல்மரத்தையும் இப்படி யோசித்துப் பாருங்கள். 1940-ல் அதைப் பற்றி முதலில் எழுதியவர் எம்.எஸ்.கிருஷ்ணன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர், தஞ்சாவூர்க்காரர். 18 மீட்டர் நீளமுள்ள மரம். துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போய் ஒரு நகரத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்க முடியாதா என்ன? வைத்திருந்தால் அது வெறும் கல்லாய்ப்போன மரம். அங்கேயே கிடப்பதால்தான் அதற்குக் கதை இருக்கிறது. நிலத்தில் வளர்ந்த மரம் கடல் வண்டலுக்குள் கிடக்கிறது. ஆறு அதைக் கடலுக்கு இழுத்து வந்திருக்கிறது, வண்டல் மூடியிருக்கிறது, மணலில் இருக்கும் சிலிக்கா என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. வேலிக்குள் நின்று இருபது நிமிடத்தில் இதை யாராவது சொன்னார்களா உங்களுக்கு?

இயற்கையைப் பார்க்க வழிகாட்டி எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். அருவிக்குப் போனால் யாரும் சொல்லாமலே அருவி தெரியும். காரையில் அப்படியில்லை. சொல்ல ஆளில்லாவிட்டால் செம்மண்ணும் சீமைக்கருவேலமும்தான். 2020-ல் குன்னம் பக்கம் குளம் வெட்டும்போது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பரவியது. புவியியல் தெரிந்தவர்கள் வந்து, முட்டை இல்லை, கடலடி வண்டல் திரண்ட கற்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லத் தெரிந்த ஒருவர் அந்தந்த ஊரிலேயே இருந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

உங்கள் வழிகாட்டி "ஆளுக்கு ஒண்ணு" என்றது தப்புதான். ஆனால் அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் நாள் கூலிக்கு நான்கு இடம் ஓட்டிக் காட்டுகிறவர், யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நிறைய கிடக்கிறது என்று அவர் நினைப்பதில் ஆச்சரியமுமில்லை. கிடந்தது நிறையத்தான். வாரம் ஒரு வேன், ஆளுக்கு ஒரு கல் என்றால் ஓடையின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரிவது எத்தனை வருஷத்துக்கு வரும்? மழை புதிதாக அரித்து வெளியே கொண்டுவரும் வேகத்தைவிட நாம் பொறுக்கும் வேகம் அதிகம். காரை, சாத்தனூர்ப் பிள்ளைகள் பத்துப் பேரை உட்காரவைத்துப் புவியியல் சொல்லிக்கொடுத்து, அவர்களையே வழிகாட்டிகளாக்கினால் அவர்களுக்கும் வருமானம், கல்லுக்கும் காவல். இதைப் பல மேடைகளில் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்லுவேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. குற்றவுணர்ச்சியில் அந்தக் கல்லைக் கொண்டுபோய் ஏதாவது ஓடையில் போட்டுவிடாதீர்கள். தப்பான இடத்தில் போட்டால் அடுத்து வருகிற ஆராய்ச்சி மாணவனை அது ஏமாற்றும். கல்லை எடுப்பதற்கு முன்னாலோ எடுத்த உடனேயோ போனில் படம் பிடித்தீர்களா? பிடித்திருந்தால், இருப்பிடம் பதியும் வசதி அணைக்கப்படாமல் இருந்தால், அந்தப் படத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். தேடி எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். களிமண்ணில் புதைந்திருந்ததா, ஓடைமணலில் சும்மா கிடந்ததா என்பதையும் எழுதுங்கள். சும்மா கிடந்தது என்றால் மேலே எங்கிருந்தோ மழைநீர் உருட்டி வந்ததாக இருக்கலாம், அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எடுத்த தேதி, கழுவிய விவரம் எல்லாம் ஒரே சீட்டில். அந்தச் சீட்டோடு கல்லைத் திருச்சிப் பக்கம் புவியியல் துறை உள்ள கல்லூரியிலோ வாரணவாசி அருங்காட்சியகத்திலோ கொடுங்கள். சீட்டின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். அலமாரிகளுக்கு வெள்ளையடிப்பார்கள்.

அடுத்த லீவுக்கு வரும்போது முன்கூட்டியே எழுதுங்கள். காரைக்கு நானே கூட்டிப்போகிறேன். அன்றைக்கு வேறு எந்த இடமும் கிடையாது. தொப்பியும் நிறைய தண்ணீரும் கொண்டுவாருங்கள், பை வேண்டாம்.

அன்புடன்.