பழைய ஆம்ப்ளிஃபயரில் கெபாசிட்டரை எல்லாம் மாற்றியே ஆகவேண்டுமா?

கேள்வி: 1970களில் வந்த ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று விடாமல் ஹம் கேட்கிறது. இடது பக்கம் அவ்வப்போது ஊமையாகி, வால்யூமைக் கூட்டினால் திரும்ப வருகிறது. கெபாசிட்டர் அத்தனையையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். எனக்கு ஓரளவு சோல்டரிங் வரும். வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் உங்கள் செட்டில் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். அவற்றில் ஒன்றுக்கு கெபாசிட்டரோடு சம்பந்தமே இருக்காது.

ஊமையாகிற சேனலை முதலில் பார்ப்போம். சத்தத்தைக் கூட்டினால் உயிர் வருகிறது என்றீர்களே, அதுதான் துப்பு. எங்கோ ஒரு தொடுமுனையில் கறை படிந்திருக்கிறது. அநேகமாக ஸ்பீக்கர் ரிலேயாக (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் தானியங்கி சுவிட்ச்) இருக்கும், அல்லது முன்பக்கம் யாருமே தொடாத 'டேப் மானிட்டர்' சுவிட்ச். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த சுவிட்சை இருபது முறை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். பல செட்டுகள் இதிலேயே சரியாகிவிடும். முழுதாகச் சரியாகவில்லை என்றால் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள். துரு எடுக்கிற ஸ்ப்ரேயை மட்டும் வால்யூம் கண்ட்ரோல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்; அதன் எண்ணெய் உள்ளேயே தங்கி தூசியைச் சேர்க்கும்.

அப்புறம் ஹம். வால்யூமை பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் சந்தேகம் பவர் சப்ளையில் இருக்கும் இரண்டு பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்கள் மேல். உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் காய்ந்து, மின்சாரத்தைச் சீராக்கும் திறன் போயிருக்கும். வால்யூமோடு சேர்ந்து ஹம்மும் குறைகிறதா? அப்படியானால் கேபிளையும் எர்த்தையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை. நான் ஒருமுறை அப்படி மாற்றிவிட்டு, அதில் ஒன்றே ஒன்றை பிளஸ் மைனஸ் மாற்றித் தலைகீழாகப் பொருத்தியிருந்தேன். அது எது என்று கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி போனது. ஃபில்டர் கெபாசிட்டர்களை முதலில் மாற்றுங்கள், பாட்டு கேளுங்கள். தேவைப்பட்டால் அடுத்து ஒரு சேனலின் கெபாசிட்டர்களை மட்டும் மாற்றுங்கள். ஸ்டீரியோவில் இருக்கும் பெரிய வசதி இது: கைபடாத சேனலை ஒவ்வொரு இடத்திலும் அளந்து இதோடு ஒப்பிடலாம். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது கொஞ்சம் கூட, வெப்பத்தாங்கு திறன் 105 டிகிரி என்று பார்த்து வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து 'பட்' என்று ஷார்ட் செய்யும் வேலை வேண்டாம். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒன்றிரண்டு நிமிடம் இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டு கைவையுங்கள். இதெல்லாம் டிரான்சிஸ்டர் செட்டுக்கு. வால்வு (கண்ணாடிக் குழாய்) செட்டில் 300, 400 வோல்ட் நிற்கும். அனுபவம் வரும்வரை அதைத் தொடவேண்டாம்.

வேலை முடிந்ததும் நேராக மெயினில் செருகாதீர்கள். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மெயினுக்கும் செட்டுக்கும் நடுவே சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள் (எல்இடி உதவாது). பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். சரி, பல்பு மங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு, ஸ்பீக்கரை இணைக்கும் முன் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் கருகிவிடும்.

கேள்வி: 'எல்லா கெபாசிட்டரும் புதிது' என்று சொல்லி ஒருவர் அதிக விலை கேட்கிறார். நம்பலாமா?

உள்பக்கப் படமும், கழற்றிய பழைய பாகங்களின் படமும் கேளுங்கள். உண்மையாக மாற்றியவர் அவற்றைப் பெருமையோடு காட்டுவார். நேரில் போனால் அரை மணி நேரம் சூடேறவிட்டு, ஒவ்வொரு குமிழையும் திருகிக் கேளுங்கள். கரகரப்புக்குப் பயப்பட வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் கருகல் வாடை வந்தால் மட்டும் கிளம்பிவிடுங்கள், அதற்கு மாற்று கிடைப்பது அரிது. பின்பலகையில் வோல்டேஜையும் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்கான செட் என்றால் 100 வோல்ட்தான். 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு கதை முடிந்தது.

கேள்வி: தயாரிப்பு நின்றுபோன அவுட்புட் டிரான்சிஸ்டர் இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். எஸ்டிகே ஐசிகளிலும் (ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட்டை ஒரே பாகமாக அடக்கியவை) பழைய ஜப்பானிய டிரான்சிஸ்டர்களிலும் போலி மலிந்து கிடக்கிறது. மேலே எண் அச்சு அப்படியே இருக்கும், உள்ளே சில்லு சின்னதாக இருக்கும். சும்மா இருக்கும்போது வேலை செய்யும், வால்யூம் ஏறியதும் வெடிக்கும். இப்போதும் தயாரிப்பில் உள்ள இணையான டிரான்சிஸ்டரை, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் ஜோடியாக வாங்குங்கள். மாற்றியதும் சர்வீஸ் மேனுவலில் உள்ளபடி பயாஸை (பாட்டு ஓடாதபோதும் டிரான்சிஸ்டரில் பாயும் சிறு மின்னோட்டம்) திரும்ப செட் செய்யுங்கள். டிரான்சிஸ்டருக்கு அடியில் மின்காப்புக்கு வைக்கும் மைக்கா தகட்டை மறந்துவிடாதீர்கள்.